மஞ்சள், எலுமிச்சை, ஆப்பசோடா: பருவுக்கும் கறுப்புத் தழும்புக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

செந்தூலிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 24. கன்னத்திலும் தாடை ஓரத்திலும் பரு வந்துகொண்டே இருக்கிறது. பரு போனாலும் அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கிறது. அம்மா சொன்னபடி மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் பூசினார். காணொலி ஒன்றைப் பார்த்து ஆப்பசோடா தேய்த்தார். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய ஒரு கிரீம் இரண்டே வாரத்தில் முகத்தைப் பளபளப்பாக்கியது, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகிவிட்டது. கழுத்தும் கறுத்திருக்கிறது. தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம்தான், வீட்டிலேயே இயற்கையாக என்ன செய்யலாம் என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, நான் ஒரு மருந்தாளர். கோலாலம்பூரில் மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பல வருடங்களாக இதே கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: முகத்தில் போட்டதும் எரிகிற எதையும் இன்றே நிறுத்துங்கள். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் தோலுக்கு அது நேர் எதிரானது.

காரணம் சொல்கிறேன். நம் மாநிறத் தோலில் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்கள் சுறுசுறுப்பானவை. தோலில் எங்கே வீக்கமோ காயமோ எரிச்சலோ வந்தாலும் அந்த இடத்தில் அவை நிறமியை அள்ளிக் கொட்டிவிடும். வெள்ளைக்காரருக்குப் பரு ஆறினால் சில வாரம் சிவப்பாக இருந்து மறையும். நமக்கு அதே பரு கறுப்பு அல்லது காப்பி நிறத் தழும்பாக மாதக்கணக்கில் தங்குகிறது. பரு மட்டும் இல்லை. கிள்ளினாலும், சொரசொரப்பான மாவால் தேய்த்தாலும், எலுமிச்சை எரித்தாலும் தோலுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே தழும்பை அகற்றுகிறேன் என்று நீங்கள் செய்த பாதி வேலை புதுத் தழும்புகளைத்தான் உண்டாக்கியிருக்கும்.

இப்போது அந்த கிரீம். நீங்கள் கேட்டது இயற்கை வைத்தியம் என்றாலும், உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த டப்பாதான். இரண்டு வாரத்தில் முகம் வெளுத்து வழவழப்பாகிறது, நிறுத்தினால் சிவந்து, பரு கொத்தாக வந்து, முன்பைவிடக் கறுத்துப் போகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், சில நேரம் பாதரசமும் இருக்கும். முதல் மூன்றும் மருந்துகள். மருத்துவர் அளவு பார்த்து, காலம் பார்த்துத் தர வேண்டியவை. பாதரசம் எந்த அளவிலும் முகத்துக்கு ஆகாது. அது மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. பூசுகிறவரோடு அது நிற்பதில்லை. தலையணை, துண்டு, கை வழியாக வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கையில் அழகுசாதனப் பொருள்களில் பாதரசத்துக்கு 2020-ஐ முடிவாண்டாக வைத்ததே இந்த ஆபத்தினால்தான்.

நம் நாட்டில் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு அழகுசாதனப் பொருளும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம், அதாவது என்பிஆர்ஏவிடம், முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி அறிவித்த பொருளுக்கு 'என்ஓடி' என்று தொடங்கி 'கே' என்று முடியும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ அவர்களுடைய இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். ஆனால் எண் இருந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அறிவித்த பிறகு கலப்படம் பிடிபட்டு ரத்தான பொருள்களின் பெயர்களை அந்த நிறுவனம் அடிக்கடி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். லேபிளே இல்லாத டப்பா, உட்பொருள் எழுதாத டப்பா, 'தங்க நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எச்சரிக்கும் டப்பா, இந்த மூன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும் என்பதால்தான் அந்த எச்சரிக்கை.

நீங்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள், நல்லது. மறுபடி தொடாதீர்கள். முகம் சிவந்து எரியும்போது 'கொஞ்சமாகப் போட்டால் அடங்கிவிடும்' என்று மனம் சொல்லும். அப்படித் தொட்டுத் தொட்டுத்தான் பலர் வருடக்கணக்கில் அதற்குள் மாட்டிக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், இதை வீட்டு வைத்தியத்தால் சரிசெய்ய முடியாது.

சரி, பரு ஏன் வருகிறது? அழுக்கால் இல்லை. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் நம்புவதில்லை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை முகம் கழுவுகிறார்கள். ஹார்மோன் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரக்கிறது. உதிர வேண்டிய இறந்த செல்கள் மயிர்த்துளையின் வாயில் ஒட்டி அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், எல்லார் தோலிலும் சாதாரணமாக வாழும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது வீங்கிச் சிவக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கி, பருவாக வெளியே வரப் பல வாரங்கள் ஆகும். இன்று கன்னத்தில் முளைத்தது நேற்று தின்ற வறுத்த கோழியால் வந்ததில்லை. எந்த வைத்தியமானாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது, அது போதுமான காலம்.

எலுமிச்சைக்கு வருவோம். சாற்றின் அமிலத்தன்மை பிஎச் 2 அளவில் இருக்கும். நம் தோல் ஏறக்குறைய 5. பிஎச் கணக்கில் ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு, மூன்று எண் குறைந்தால் ஆயிரம் மடங்கு. ஆப்பசோடா இதற்கு நேர் எதிர்ப்பக்கம், 8-க்கு மேல். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று தோலை இரண்டு பக்கமும் இழுத்தால் அதன் மேல் இருக்கும் பாதுகாப்பு அடுக்கு உடைந்து போகும். இது ஒரு பக்கம். எலுமிச்சை வகைகளில், முக்கியமாகப் பச்சை எலுமிச்சையில், ஃபுரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரியே பொத்துக்கொள்ளும், ஆறிய பிறகு கறுப்புப் பட்டை நிற்கும். வெயிலில் நின்று எலுமிச்சை பிழிகிறவர்களின் கையில் இந்தத் தழும்பு வரும். நம் ஊர் வெயிலில் எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெளியே போவதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. எலுமிச்சை ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் இருக்கட்டும்.

மஞ்சள் கதை வேறு. அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமினுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு. ஆனால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சமையல் மஞ்சளைப் பூசினால் முகம் மஞ்சளாக நிற்குமே தவிர, அந்த குர்குமினில் மிகக் குறைவானதுதான் தோலுக்குள் போகும். முகத்துக்கென்று நம் பாட்டிமார் வைத்திருந்தது கஸ்தூரி மஞ்சள். அசல் கஸ்தூரி மஞ்சளை வெட்டினால் உள்ளே வெளிர் மஞ்சளாக இருக்கும், கற்பூர வாசனை வரும், தோலில் கறை பிடிக்காது. பளிச்சென்ற மஞ்சள் தூளாக விற்பதில் பெரும்பகுதி பூலாங்கிழங்கு அல்லது சாதாரண மஞ்சள். பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியா பக்கமோ நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பொடியாக வாங்காதீர்கள். முழுக் கிழங்காகக் கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்கி, வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள். தயிரில் குழைத்து வாரம் ஒருமுறை பத்து நிமிடம் போதும். சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமையாகி அரிக்கும். அவர்கள் விட்டுவிட வேண்டியதுதான்.

எந்தப் பொருளையும் முகத்தில் போடுவதற்கு முன்னால் முழங்கைக்கு உள்பக்கம் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். நம் பெண்கள் இதைத் தலைச்சாயத்துக்குச் செய்வார்கள், இயற்கைப் பொருளுக்குச் செய்ய மாட்டார்கள். செடியிலிருந்து வந்தது என்பதற்காகத் தோல் சலுகை காட்டாது.

சமையலறையிலும் தோட்டத்திலும் நான் மனதாரச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. சோற்றுக் கற்றாழை முதலாவது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலில் அலோயின் இருக்கிறது, அது அரிக்கும். மடலைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்து அதை வடியவிட்டு, தோல் சீவி, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றைக் கழுவிவிட்டுப் பூசுங்கள். பருவை அது தீர்க்காது; எரிச்சலைத் தணிக்கும், பாரமில்லாத ஈரப்பதம் தரும். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். நம் ஊர் சூட்டில் அரைத்த எதுவும் சீக்கிரம் கெடும், கெட்டதைப் பூசினால் பருவுக்கு நீங்களே விருந்து வைத்த மாதிரி.

இரண்டாவது ஓட்ஸ். இது பாட்டி வைத்தியம் இல்லை, ஆனாலும் நம்பகமானது. சீனி, பால் எதுவும் கலக்காத வெறும் ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்துக் கழுவலாம். அரிப்பையும் எரிச்சலையும் தணிக்கும் தோல் பாதுகாப்புப் பொருளாக நுண்ணிய ஓட்ஸ் தூளை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2003-இல் ஏற்றிருக்கிறது. அந்த கிரீமால் புண்பட்ட உங்கள் முகத்துக்கு முதல் ஒரு மாதம் கற்றாழையும் ஓட்ஸும் தவிர வேறு எந்த வீட்டுப் பூச்சும் வேண்டாம்.

பச்சைப்பயறு மாவு சோப்புக்கு நல்ல மாற்று. ஆனால் நைசாக அரைத்துத் துணியில் சலித்திருக்க வேண்டும். பரு இருக்கும் முகத்தில் தேய்க்கக்கூடாது. குழைத்துத் தடவி, காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும். உடம்புக்குத் தாராளமாகத் தேய்த்துக் குளிக்கலாம். மலாய்க்கார அக்காமார் பூசும் பெடாக் செஜூக்கும் இப்படித்தான், புளித்த அரிசியில் செய்தது. முகத்தைக் குளுமையாக வைக்கும், எண்ணெயை உறிஞ்சும். பூச்சி, தூசி இல்லாமல் சுத்தமாகத் தயாரித்ததாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. சந்தனம் அசலாக இருந்தால் நல்லதுதான். பத்துமலையில் மொட்டை போட்டதும் தலையில் பூசும்போது அந்தக் குளுமை தெரியும். ஆனால் அசல் சந்தனம் விலை அதிகம், மலிவாகக் கிடைக்கும் தூளில் வாசனையும் சாயமும்தான் மிச்சம். கட்டை இருந்தால் கல்லில் இழைத்துப் பூசுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தேன் சிறு பருக்கள் மேல் பத்து நிமிடம் வைக்கலாம், தீங்கில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, பற்பசை, ஆவி பிடிப்பது, இவற்றை விட்டுத்தள்ளுங்கள்.

வேப்பிலைக்குக் கிருமியை அடக்கும் குணம் இருக்கிறது. கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்து, ஆறவைத்த நீரில் முதுகுப் பருவுக்குக் குளிக்கலாம். அரைத்து முகத்தில் அப்பினால் பலருக்குத் தோல் வறண்டு உரியும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூட உள்ளுக்குக் கொடுக்கக்கூடாது. குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நம் வீட்டுப் பழக்கத்திலிருந்து வந்த ஆபத்து அது. பூசுவதற்கு என்று வாங்கி வைத்த புட்டி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் தலைக்கு வைத்துக் கொள்வீர்கள். வறண்ட காலுக்கும் கைக்கும் அருமையான பொருள். பரு வரும் முகத்துக்கு ஆகாது, துளையை அடைக்கும். ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்தால் தலையணை வழியாக நெற்றிக்கும் கன்னத்துக்கும் வந்துவிடும். வைப்பதானால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள்.

நெற்றியிலும் முடி ஓரத்திலும் மார்பிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது பருவே இல்லாமலும் இருக்கலாம். தோலில் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட், மயிர்த்துளைக்குள் பெருகி வருவது அது. சூடும் வியர்வையும் உள்ள நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. பருவுக்கான மருந்து போட்டால் போகாது, எண்ணெய் பூசினால் இன்னும் கூடும், ஏனென்றால் அந்த ஈஸ்டுக்கு எண்ணெய்தான் சாப்பாடு. கீட்டோகோனசோல் கலந்த பொடுகு ஷாம்பூவை அந்த இடத்தில் சில நிமிடம் வைத்துக் கழுவினால் பலருக்குக் குறையும். உங்களுக்குக் கன்னத்திலும் தாடையிலும் என்பதால் இது உங்கள் பிரச்சினை இல்லை என்றே நினைக்கிறேன்.

இனி வெயில். தழும்பு மறைய வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், இதில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறோம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று டிகிரிதான் வடக்கே. வானம் தெளிவாக இருக்கும் நாளில் நடுப்பகல் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும், தாண்டும். உலக அளவுகோலில் அதற்கு மேல் பிரிவே கிடையாது. மேகம் மூடியிருந்தாலும் ஒரு பகுதி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், கார்க் கண்ணாடியும் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. நீங்கள் கஸ்தூரி மஞ்சளும் கற்றாழையுமாக ஒரு வாரம் கவனித்த தழும்பை, எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஆபீஸுக்கு வெயிலில் நடக்கும் தினசரி நடை மறுபடி கறுப்பாக்கிவிடும். 'நாமே கறுப்பு, நமக்கு எதற்கு சன்ஸ்கிரீன்' என்று பலர் கேட்பார்கள். வெயிலில் தோல் வெந்து போவதிலிருந்து நம் நிறம் ஓரளவு காக்கும். தழும்பு கறுப்பதிலிருந்து காக்காது.

எஸ்பிஎஃப் 30-க்கு மேல், ஜெல் அல்லது தண்ணீர் மாதிரி இருப்பதாக வாங்குங்கள். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பொட்டுப் பொட்டாக வைத்தால் போதாது. வெளியே வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் தோல் நிறச் சாயம் கலந்ததைத் தேடுங்கள். அதிலிருக்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. மங்குக்கும் தழும்புக்கும் அந்த ஒளியும் காரணம் என்பதால் நம் தோலுக்கு அது கூடுதல் நன்மை. பணமில்லையென்றால் குடை. குடை பிடித்து நடக்க வெட்கப்பட என்ன இருக்கிறது? மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு போவதை நாம் தினமும் பார்க்கிறோமே, கைக்குக் கொடுக்கும் அந்தக் கவனத்தை முகத்துக்கும் கொடுக்கலாம். ஹெல்மெட் போடுகிறவர் என்றால் தாடைப் பட்டையையும் உள் துணியையும் வாரம் ஒருமுறை துவைத்துக் காய வையுங்கள். தாடை ஓரப் பருவுக்கு அந்த உரசலும் வியர்வையும் ஒரு காரணமாகலாம்.

தினசரிப் பழக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலை, இரவு என்று இருமுறை மென்மையான ஃபேஸ்வாஷ், வியர்த்து நனைந்து வீடு வந்தால் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. சாதாரணக் கட்டி சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும்; முகத்துக்கு வேண்டாம். கழுவியதும் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் லேசான ஜெல் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழிகிற முகத்துக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நாள் முழுக்க ஏர்கான் அறையில் இருந்தால் தோலின் நீர்ச்சத்து போய்விடும், எண்ணெய் இருக்கும்போதே வறட்சியும் இருக்கும், அப்போது எதைப் பூசினாலும் எரியும். தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில், 2015-லும் 2019-லும் வந்ததுபோல, வெளியே போய் வந்ததும் முகம் கழுவுங்கள், ஆனால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். பருவைக் கிள்ளுவதை விட்டாலே வரப்போகும் தழும்பில் பாதி வராது. கை நிற்காது என்றால் அந்த இடத்தில் ஒட்டும் சிறு பரு வில்லைகள் மருந்தகத்தில் கிடைக்கும், ஒட்டிவிடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் வறுத்ததைவிட இனிப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும் உணவு இன்சுலினை ஏற்றுகிறது, அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்து 12 வாரம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு மற்றவர்களைவிட அதிகம் குறைந்தது. நம் பக்கம் வில்லன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. கெட்டிப்பாலின் எடையில் ஏறத்தாழ பாதி சீனிதான். காலையில் மாமாக் கடையில் கெட்டிப்பால் ஊற்றிய ஒரு தே தாரேக், பத்து மணிக்கு மைலோ, மதியம் சிராப் பண்டோங், மாலையில் இன்னொரு தே என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுவதும் விடச் சொல்லவில்லை. ஒன்றைப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் ஆக்குங்கள், மற்றதைக் கூராங் மானிஸ், அதாவது இனிப்புக் குறைவாக, என்று கேளுங்கள். பாலுக்கும் பருவுக்கும் சிலரிடம் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன, ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் குடிக்கும் வே புரோட்டீனிலும் அப்படித்தான். ஒரு மாதம் நிறுத்திப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள், தெரியாவிட்டால் பால் உங்கள் எதிரி இல்லை. தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். நாளைக்கு நான்கு லிட்டர் குடித்தால் பரு போகும் என்பதில் ஒன்றுமில்லை.

அடுத்தது உங்கள் கழுத்து. இதை மேலோட்டமாக விட முடியாது. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணியைத் தொடுகிற மாதிரி இருந்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வருவது. எலுமிச்சையும் கடலை மாவும் போட்டு ரத்தம் வரத் தேய்த்தாலும் போகாது. இந்த நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். கழுத்துக் கறுப்பு என்பது நோய் வருவதற்குச் சில வருடம் முன்பே உடம்பு காட்டும் அடையாளம். வயதும் எடையும் எதுவாக இருந்தாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை அதிகமாக இருந்து குறைத்தால், இனிப்பைக் குறைத்து நடந்தால், அந்தக் கறுப்பு மெதுவாகக் குறையும். அம்மா வீட்டில் எவருக்காவது இதே கழுத்து இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூடவே உங்களை ஒன்று கேட்க வேண்டும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? தாடையிலும் கழுத்திலும் ஆழமாக, வலியோடு வரும் பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு, மேலுதட்டிலும் தாடையிலும் முடி, இவற்றோடு கழுத்துக் கறுப்பும் சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் முகத்தில் மட்டும் எதைப் பூசினாலும் பரு திரும்பி வரும்.

மருந்தகத்துக்கு எப்போது வரலாம்? முதல் நான்கு வாரம் மேலே சொன்ன எளிய பழக்கத்தோடு முகத்தை ஆறவிடுங்கள். எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகும் பரு வந்தால் பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடு கேளுங்கள். மெல்லிசாக, ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில். துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்றால் தேயிலை மர எண்ணெய் 5 விழுக்காடு ஜெல் இருக்கிறது. 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, ஆனாலும் பருவைக் குறைத்தது, எரிச்சலும் குறைவு. கலப்பில்லாத எண்ணெயை நேராகப் போடாதீர்கள், புண்ணாகிவிடும். தழும்புக்கு அஸிலெய்க் ஆசிட் நம் நிறத்துக்கு ஏற்றது, பருவுக்கும் உதவும். முதல் சில நாள் குறுகுறுக்கும், எரிச்சல் நீடித்தால் நிறுத்திவிட்டு வந்து சொல்லுங்கள்.

தீபாவளிக்குள் என்ன எதிர்பார்க்கலாம் என்றால், புதுப் பருக்கள் கணிசமாகக் குறைந்திருக்கும், தழும்புகள் மங்கியிருக்கும், முழுக்கப் போயிருக்காது. தழும்புக்கு ஆறு மாதம், சில நேரம் ஒரு வருடம் பிடிக்கும். உங்கள் நிறம் மாறாது, மாற வேண்டியதும் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் பார்லரில் புதிதாக எந்த ஃபேஷியலும் ப்ளீச்சும் வேண்டாம். கடைசி நேரத்தில் வரும் ஒவ்வாமையைப் பண்டிகைக்கு முன் ஆற்ற நேரம் இருக்காது.

பரு வலியோடு ஆழத்தில் கட்டியாக வருகிறது, குழி விழுகிறது, அல்லது இதையெல்லாம் மூன்று மாதம் செய்தும் அசையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். குழி விழுந்த தழும்பு தானாக நிரம்பாது. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், ரத்தச் சர்க்கரையையும் அங்கேயே பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். அங்கே தரும் சில மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பமாகும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போகும்போது அந்த பசார் மாலாம் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாமல், மூடி இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போய்க் காட்டுங்கள். உங்கள் முகத்தில் எது பட்டது என்பதை ஊகிக்காமல் தெரிந்துகொள்ள மருத்துவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை.